பெஞ்சில் இருந்தவளைக் காணவில்லை

என் வீட்டுக்காரி தொலைந்துபோனதாக அறிவிக்கப்பட்ட அன்று அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், தாழ்வாரம் முடிகிற இடத்தில், பதினாலாம் நம்பர் அறைக்கு எதிரே ஒரு இரும்பு பெஞ்சு கிடக்கும். ஒன்பது வருடமாக மாதம் ஒரு தடவை அதில் உட்கார்ந்து, எந்தக் கம்பி எங்கே குத்தும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். நான் பஸ் கட்டும் பட்டறையில் சீட் தைக்கிறவன். மிச்ச ரெக்ஸினில் இதற்கொரு மெத்தை தைத்துத் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டேன். ஆஸ்பத்திரிச் சொத்தில் வெளியார் கை வைக்கக் கூடாது என்று எழுத்தில் பதில் கொடுத்தார்கள்.

சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தொடர்பு இழந்தவர்கள்' என்று தலைப்பு. நோய் ரகசியம் என்பதால் பெயர் கிடையாது, எண்கள் மட்டும். ஆறாவதாக அவளுடைய எண். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. திரும்பி வந்து சொன்னதும் அவள் வாய்க்குள் சிரித்தாள்.

"நான் காணாம போயிட்டேனா? அப்ப கம்பெனில சொல்லி ஒரு வாரம் லீவு வாங்கிக் குடுங்க."

ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. சிரிக்க விஷயம் கிடைத்தால் விடமாட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

எச்.ஐ.வி.யை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். எப்படி என்று கேட்காதீர்கள். பதினோரு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு இரண்டு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்து, "போடுங்க, புள்ளைய வளக்கணும்" என்றாள். பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று பரிசோதனையில் வந்த தாளை பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, காலை எட்டு மணி. ஒரு நாள் தவறியதில்லை. அவள் ரத்தத்தில் கிருமி தேடினாலும் கண்ணில் படவில்லை என்று டாக்டரே சொன்னார். அதைப் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்போதெல்லாம் பதினாலாம் நம்பர் அறையை நடத்தியது ரெஜிஸ்டர் அக்கா. நர்ஸ்தான், ஆனால் ஊசியைவிட ரெஜிஸ்டரைப் பிடித்த நேரம் அதிகம், அதனால் அந்தப் பெயர். யாராவது மாத்திரை வாங்க ஒரு நாள் பிந்தினால் தன் சொந்த போனிலிருந்து கூப்பிடுவாள். யாரை எந்த நேரத்தில் கூப்பிட்டால் தனியாக இருப்பார்கள், யாருடைய மாமியார் போனை எடுப்பாள், யாரிடம் துணிக்கடையிலிருந்து பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. என்னை மட்டும் திட்டுவாள். மாத்திரை வாங்கக்கூட ஞாபகம் இல்லாதவன் தைத்த சீட்டில் யார் நம்பி உட்காருவார்கள் என்று கேட்பாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததைத் தலைமையகம் கவனித்துவிட்டது. அங்கிருந்து ஓர் இயக்குநர் வந்தார். எங்களைத் தாழ்வாரத்தில் நிற்கவைத்து, வெள்ளைத் துணியில் படம் காட்டி, 'நலமறி குறுஞ்செய்தித் திட்டம்' என்று ஒன்றை அறிமுகம் செய்தார். தினமும் காலை பதினோரு மணிக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மெசேஜ் வரும். 'இன்று மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா? ஆம் என்றால் 1. இல்லை என்றால் 2.' அந்த ஒன்றரை வரியை எழுத ஒரு குழு ஏழு முறை கூடியதாம். பதில் ஒழுங்காக வந்தால் மாதக் கடைசியில் ஆறு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் வரும். அதை மருந்து ஜன்னலில் சொன்னால் மாத்திரை.

"இதுவரைக்கும் நாம மனுஷங்கள நம்பி வேலை பாத்தோம்," என்றார் இயக்குநர். "மனுஷங்க லீவு எடுப்பாங்க, டிரான்ஸ்பர் கேப்பாங்க, நோயாளி மேல பாசம் வெச்சிடுவாங்க. மெசேஜுக்கு இந்தப் பலவீனம் எதுவும் கிடையாது."

எல்லோரும் கை தட்டினோம். ரெஜிஸ்டர் அக்காவும் தட்டினாள்.

நம்பர் பதிய வரிசை நின்றது. எங்கள் வீட்டில் ஒரே போன்தான், பட்டன் போன். கம்பெனி வாசலில் பெண்களின் போனை எல்லாம் தட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அவளுடையது அந்தத் தட்டிலிருந்தே காணாமல் போனதற்கப்புறம் அவள் வேறு வாங்கிக்கொள்ளவில்லை. அன்று எனக்குப் பட்டறைக்குத் திரும்ப வேண்டிய அவசரம். நீங்கள் முன்னால் நில்லுங்கள் என்று அவள்தான் சொன்னாள். நான் முன்னால் நின்றேன். அவ்வளவுதான் நடந்தது.

நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் டேட்டா சார். நல்ல மனுஷர், மெதுவாகப் பேசுவார். என்னுடையதை ஏற்றிவிட்டு அவளிடம் நம்பர் கேட்டார். அதே நம்பர் என்றாள். கம்ப்யூட்டர் சிவப்பாகியது.

"ஒரு நம்பருக்கு ஒரு நோயாளிதாங்க," என்றார். "அண்ணன் முன்னாடி நின்னுட்டாரு, நம்பர் அவருக்குப் போயிடுச்சு."

புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருந்து ஒரே நோயோடு ஒரே போனை வைத்திருக்கக்கூடும் என்பது ஏழு முறை கூடிய குழுவுக்குத் தோன்றவில்லை. பாவம், அவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று இருந்திருக்கும். நம்பர் இல்லாதவருக்கு மெசேஜ் போகாது. மெசேஜ் போகாதவர் பதில் போட மாட்டார். முப்பது நாள் பதில் போடாதவர் தொடர்பு இழந்தவர். இப்படித்தான் என் வீட்டுக்காரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தொலைந்துபோனாள்.

அவள் இதோ இருக்கிறாள் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் டேட்டா சார் முன்னால் நிறுத்தினேன். அவர் அவளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். தனக்குத் தெரிகிறது, ஆனால் சிஸ்டத்துக்குத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார். சரி, என் நம்பரை அவளுக்கு மாற்றிவிடுங்கள், நான் தொலைந்துபோகிறேன் என்றேன். அதற்கும் வழியில்லை. தொடர்பில் இருக்கிற ஒருவர் தானாக விரும்பித் தொலைந்துபோனால் மையத்தின் சதவீதம் இறங்கிவிடும், அதற்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும், இயக்குநர் சதவீதம் இறங்குகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

டாக்டரிடம் போனோம். எங்கள் பிரிவில் மாதத்துக்கு ஒரு டாக்டர் மாறுவார். இந்த மாத டாக்டர் சீட்டைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஜன்னல் திறப்பது தன் கையில் இல்லை என்றார். எங்கள் ஊர் வெளிக்கடை எதிலும் இந்த மாத்திரை விற்பதில்லை. ரெஜிஸ்டர் அக்காதான் யாரோ திருப்பிக் கொடுத்த பாட்டில்களிலிருந்து மூன்று வாரத்துக்குச் சேர்த்து, தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். நாலாவது வாரம் அக்காவைச் சுவரொட்டிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நோயாளிகளோடு நேரடியாகத் தொடர்பு வைத்திருந்தாள் என்பது குற்றச்சாட்டு.

புது சிம் வாங்கினால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். பட்டறையில் ஒருவரிடம் பழைய போன் ஒன்று வாங்கி, புது சிம் போட்டு, தலையெல்லாம் வாரிக்கொண்டு கிளம்பினாள். புது நம்பர் என்றால் புது நோயாளி, புது நோயாளி என்றால் முதலில் ரத்தத்தில் கிருமி எண்ணும் பரிசோதனை என்றார் டேட்டா சார். கொடுத்தாள். முடிவு வர எட்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த எட்டு வாரத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். வேலையில் நான் எதையும் சரிபாதியாக வெட்டுகிறவன். ரெக்ஸினோ ஸ்பாஞ்சோ, கோடு போடாமலே வெட்டுவேன், ஒரு நூல் ஏறாது இறங்காது. என் மாத்திரையை எடுத்து, பட்டறைக் கத்தியைக் கழுவிக் காயவைத்து, நடுவில் வெட்டினேன். ஆளுக்குப் பாதி. அவள் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். ஒன்றுமே இல்லாததற்குப் பாதி மேல் என்று நான்தான் அடித்துப் பேசினேன். தினமும் காலை எட்டு மணிக்கு வெட்டிவிட்டு, வெட்டு எவ்வளவு நேராக விழுந்திருக்கிறது என்று பெருமையாக வேறு பார்ப்பேன். பாதிப் பாதியாகப் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் முழுசாகப் போட்டாலும் அடங்காது என்பது எனக்குத் தெரியாது. சொல்ல அக்கா இல்லை. மெசேஜ் கேள்வி மட்டும்தான் கேட்கும்.

பதினோரு மணிக்குக் கேள்வி வரும்போது எனக்குக் குழப்பமாக இருக்கும். மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா? பாதி எடுத்துக்கொண்டவன் என்ன போடுவது? ஒரு நாள் உண்மையாக இருப்போம் என்று 2 போட்டேன். உடனே போன் அடித்தது. பதிவு செய்த பெண் குரல் ஒன்று, மாத்திரை ஏன் முக்கியம் என்று இருபது நிமிடம் பேசியது. நடுவில் நான் சொல்ல வாயெடுத்ததை எல்லாம் அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சு முடிந்ததும் இன்னொரு மெசேஜ். நான் ஊக்கம் குறைந்தவன் என்று தெரியவந்திருப்பதால் ஊக்கம் திரும்பும்வரை ரகசிய எண் நிறுத்தி வைக்கப்படுகிறது. அந்தப் பாதியும் ஒன்பது நாள் இல்லாமல் போயிற்று. அதன் பிறகு நான் ஒன்றைத் தவிர வேறு பட்டனைத் தொட்டதில்லை.

எட்டு வாரம் கழித்து ரத்த முடிவு வந்தது. டேட்டா சார் தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார். ரத்தம் எடுத்த அன்று அவள் உடம்பில் அக்கா கொடுத்த மாத்திரை இருந்தது. ஒன்பது வருட ஒழுங்கும் இருந்தது. கிருமி கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தார்கள். கிருமி இருக்கும் இடத்தில் பூஜ்யம் என்று அடித்ததும் சிஸ்டம் பச்சையாகி, இவர் நோயாளி இல்லை, பதிவு தேவையில்லை, வாழ்த்துகள் என்றது.

வெளியே வந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நோயும் இல்லையாம், ஆளும் இல்லையாம். உங்களுக்குப் பொண்டாட்டின்னாவது ஒத்துக்குவாங்களா, கேட்டுட்டு வாங்க" என்றாள். அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது.

ஐந்தாவது மாதம் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். ஒன்பது நாளில் குறைந்த ஊக்கத்தை மீட்டுக்கொண்டு, அதன்பின் நூற்றுக்கு நூறு 1 போட்டவன் என்பதால் 'நட்சத்திரப் பதிலாளர்'. விழா மண்டப வாசலில் திட்டத்தின் பெயரையும் நோயின் பெயரையும் ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக மேடை ஏறுகிறவர்களுக்கு மட்டும் அட்டையில் செய்த நட்சத்திர முகமூடி. சிரிக்கிற நட்சத்திரம். ரப்பர் காதை அறுத்தது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள். முகமூடியின் கண் ஓட்டை வழியாக எனக்கு அவள் மட்டும்தான் தெரிந்தாள்.

இயக்குநர் நெகிழ்ந்துபோய்ப் பேசினார். "நான் இதுவரைக்கும் ஒரு நோயாளியக்கூட கூப்பிட்டு விசாரிச்சதில்ல. விசாரிக்காமலே நாலாயிரம் பேர அக்கறையா கவனிச்சிக்கறேன்னா, இந்தத் திட்டத்தோட பெருமைக்கு வேற என்ன சாட்சி வேணும்? எங்க கணக்குல இன்னிக்கு தொண்ணூத்தாறு சதவீதம் பேரு நல்லா இருக்காங்க. மீதி நாலு சதவீதம் கணக்குலயே இல்ல."

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது மைக்கைப் பிடித்ததும் மறந்துவிட்டது. "சார், என் வீட்டுக்காரி காணாம போகல சார். அதோ கடைசி வரிசைல உக்காந்திருக்கா. அவளுக்கும் மாத்திரை குடுங்க சார், அது போதும், இந்தப் பரிசு வேணாம்" என்றேன்.

இயக்குநர் எழுந்துவந்து என் தோளில் கை போட்டார். மைக்கை வாங்கினார். தொலைந்துபோன மனைவி இன்னமும் தன்னோடு இருப்பதாகவே இந்த எளிய மனிதர் நம்புகிறார், இந்த நம்பிக்கையைத்தான் தினமும் பதினோரு மணிக்கு நாங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் அவள் அடக்க முடியாமல் இருமியது யாருக்கும் கேட்கவில்லை. இருமுகிறவர்கள் வெளியே உட்கார வேண்டும் என்று யாரோ வந்து அவளை எழுப்பிக்கொண்டு போனார்கள்.

மறு வாரம் அவளை மூன்றாம் வார்டில் சேர்த்தேன். அதே ஆஸ்பத்திரி. பதினாலாம் நம்பர் அறையிலிருந்து எண்ணி நாற்பது தப்படி. நுரையீரல் முழுக்கக் காசநோய் என்றார் வார்டு டாக்டர் அம்மா. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கோபமாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லி, சட்டைப் பையிலிருந்த பாதி மாத்திரையை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அன்றே ரத்தம் எடுத்தார். நாலு நாளில் முடிவு வந்தது. "உங்களுக்கு மருந்து இன்னும் கேக்குது. அவங்களுக்குக் கேக்கல" என்றார். அதைக் கேட்டு அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

வேறு மருந்து இருக்கிறதாம். பதினாலாம் நம்பர் அறையில்தான் இருக்கிறது. டாக்டர் அம்மா அங்கே கடிதம் எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. நானே வாசித்தேன். 'மேற்படி நபர் தொடர்பு இழந்தவர் ஆகையால், அவர் தங்கள் வார்டில் இருப்பதற்கு வாய்ப்பில்லை. எனினும் அவரைத் தேடும் பணி முழுவீச்சில் நடைபெற்று வருகிறது.'

பணி உண்மையிலேயே நடந்தது. அடுத்த நாள் காலை நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், வீட்டுக்காரம்மா போன் செய்து, வாசலில் ஜீப் நிற்கிறது என்றார். ஓடினேன். தேடுதல் குழுவில் இரண்டு பேர். ஒருவர் போட்டோ எடுக்க, ஒருவர் எழுத. பூட்டிய கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் உங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், மூன்றாம் வார்டு, இப்போதே வாருங்கள், இதே ஜீப்பில் போய்விடலாம் என்று கெஞ்சினேன். வார்டு வேறு துறையின் எல்லை, அங்கே தேட அனுமதி கிடையாது என்றார் எழுதுகிறவர். கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். 'உங்களைத் தேடி வந்தோம். காணவில்லை.'

தெருவில் அது எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோடு போனாள் என்று மெல்லக் கேட்டார். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் பெண் அந்தத் தாளின் முன்னால் பையைக்கூட இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பதினாலு வயது. அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அன்று உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது வருடத்துக்கு முந்தியது உட்பட. என்னைக் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்களும் பாதிதான் போடறீங்களா?"

ஆமாம், புது மருந்து வரும்வரை மறு பாதி அம்மாவுக்கு என்றேன். அவள் எழுந்து போய் என் கத்தியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கடைசி நாட்களில் என் வீட்டுக்காரிக்குப் பேச மூச்சு போதவில்லை. பேசினதெல்லாம் பெண்ணைப் பற்றி. அவளுக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது, கேட்க மாட்டாள், நீங்களாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள் என்றாள். ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உங்கள முன்னாடி நிக்கச் சொன்னது நான்தான். அத மனசுல வெச்சிக்கிட்டு மருகாதீங்க" என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இறந்துபோனாள். பதினோரு மணிக்கு எனக்கு மெசேஜ் வந்தது. அவள் கையை விடாமல் மற்றக் கையால் 1 போட்டேன். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பதினாலாம் நம்பர் அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. சுவரில் அவள் எண் இன்னும் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதை எடுத்துவிடச் சொல்லலாம் என்றுதான் போனேன். டேட்டா சார் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான துக்கம்தான். அப்புறம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தொடர்பில் இருப்பவர், தொடர்பு இழந்தவர் என்று இரண்டு நிலைதான் சிஸ்டத்தில் உண்டு. இறந்தவர் என்ற சொல் சோர்வு தரும் என்று குழு அதைச் சேர்க்கவில்லை.

"பரவால்ல அண்ணே, எப்படியாச்சும் ஏத்திடறேன்" என்று ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். அதில் விவரம் தந்தவரின் தொலைபேசி எண் என்று ஓர் இடம் இருந்தது. என் நம்பரைக் கேட்டார், சொன்னேன். பட்டனை அழுத்தினார். கம்ப்யூட்டர் பச்சையாகியது. அவர் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்தவளின் பெயரில் ஒரு தாள் வந்திருக்கிறது, அதில் உயிருள்ள ஒரு நம்பர் இருக்கிறது. சிஸ்டம் அவளைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு நம்பருக்கு ஒரு நோயாளி என்பதால் என்னை அதுவாகவே வெளியே எடுத்துப் போட்டது.

திரும்ப மாற்ற முடியாதா என்றேன். கிடைத்தவரைத் திரும்பத் தொலைக்க இயக்குநர் கையெழுத்து வேண்டும் என்றார் டேட்டா சார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அன்று மத்தியானமே இயக்குநரிடமிருந்து எனக்கு நேரடியாகப் போன் வந்தது. வாழ்நாளில் அவர் நோயாளி ஒருவரோடு தனியாகப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும். "நான் மேடைல என்ன சொன்னேன்? உங்க நம்பிக்கை வீண்போகல பாத்தீங்களா? உங்க மனைவி கிடைச்சுட்டாங்க" என்றார். குரல் தழுதழுத்தது. மையத்தின் சதவீதம் ஏறியதற்கு எனக்கு நன்றி சொன்னார். எனக்கு அழக்கூட வரவில்லை ஐயா, அவ்வளவு களைப்பு.

இரண்டு நாளில் என் பாட்டில் காலியாகியது. அதற்கு அடுத்த நாள், திரும்பக் கிடைத்தவர் என்பதால் தினசரிக் கேள்விக்கு முன்பே ஆறு இலக்க எண் ஒன்று வந்தது, அவள் பெயருக்கு. நான் மருந்து ஜன்னலுக்குப் போய் அதைச் சொன்னேன். மருந்து கொடுப்பவர் எங்களை ஒன்பது வருடமாகப் பார்க்கிறவர். எண்ணைப் போட்டார், டிராயர் திறந்தது. முப்பது மாத்திரையை எனக்கு எதிரிலேயே எண்ணி, அவள் எண் ஒட்டிய பாட்டிலில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன்," என்றார் தலையைக் குனிந்துகொண்டே. "வர்ற வரைக்கும் வாங்கிப் போட்டுக்கங்க."

இத்தனை மாதம் இந்த ஜன்னல் முன்னால் நின்று அவள் கேட்டது இதைத்தான். உயிரோடு நின்று கேட்டபோது கொடுக்கவில்லை. செத்துப் பத்தாம் நாள் எண்ணிக் கொடுக்கிறார்கள். பாட்டிலைக் கையில் வாங்கினேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அழுதேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்து, குழாயில் தண்ணீர் பிடித்து, அவளுடைய மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அப்போது மணி பதினொன்று. மெசேஜ் வந்தது. மேலே அவள் எண் போட்டு, 'இன்று மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா?' என்று கேட்டிருந்தார்கள். இத்தனை நாளில் அவளை அவர்கள் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் என் பெண் நான் மாத்திரையோடு வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் 1 போட்டேன்.